ஏணைச்சீலையில் தேன் தேடிய குருவி

அந்தக் குருவியை எங்கள் வளவுக்கு வரவழைக்க நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். குருவிமேல் இல்லை. அது பெருவிரல் அளவுச் சீவன், அதைக் கோபித்து என்ன செய்வது? கோபம் என்மேல்தான். யாரிடமும் ஒரு சொல்லும் கேட்காமல், எல்லாம் தெரிந்தவன் மாதிரி முன்னுக்குப் பாய்ந்து செய்துவிட்டுப் பிறகு முழிக்கிற புத்தி எனக்குப் பிறவியிலேயே இருக்கிறது. அந்த ஒரு வருடத்தில் அந்தப் புத்தியால் என் மனைவிக்கு இரண்டு தரம் அநியாயம் செய்தேன். அந்த இரண்டாவது அநியாயத்தில்தான் குருவி வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், ரெக்ஸ்டேலில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்தோம். மேலே வீட்டுக்காரர் குடும்பம். பின்வளவை அவர்கள் எட்டியும் பார்ப்பதில்லை. புல்லை நான் வெட்டிவிட்டால் போதும், மிச்சத்தில் என்ன வேண்டுமானாலும் நடு என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வேலை. விமானத்தில் கொடுக்கிற சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குகிற இடம். பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கும். ஆகவே காலை முழுவதும் வீட்டில்தான் இருப்பேன்.

அந்த வருடம் மாசி மாதம் எங்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. உயிரோடு பிறக்கவில்லை.

எட்டாம் மாதம். பிள்ளை துடிக்கிறதைக் காணவில்லை என்று மனைவி ஒரு காலை சொன்னாள். "இந்தக் குளிருக்கு நல்ல நித்திரையாக்கும்" என்று பகிடி விட்டேன். அடுத்த நாள் ஆஸ்பத்திரியில், அவள் வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்த பெண் ஒன்றும் பேசாமல் எழும்பி டொக்டரைக் கூப்பிடப் போனபோதே எனக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகும் அவள் நோப்பட்டுத்தான் பெறவேண்டியிருந்தது. ஒரு பகலும் ஒரு இரவும் பட்டாள்.

பிறந்த பிறகு, கொடுத்த மருந்தில் அவள் மயங்கிக் கிடந்தாள். ஒரு நேர்ஸ் என்னிடம் வந்தார். பிள்ளையைத் துடைத்துத் துணி சுற்றி வைத்திருக்கிறோம், பார்க்கிறீர்களா, மனைவி எழும்பியதும் அவர் கையில் கொடுக்கட்டுமா என்று கேட்டார். ஓடிப்போய்ச் சுவரில் இருந்த டெலிபோனில் ஸ்காபரோவில் இருக்கும் ஒரு அன்ரிக்கு எடுத்தேன். தூரத்து உறவு. இந்த ஊரில் எங்களுக்குப் பெரியவர் என்று சொல்ல அவர் ஒருவர்தான்.

"ஐயோ தம்பி, தாய்க்குக் காட்டிப்போடாதை," என்றார் அன்ரி. "முகத்தைக் கண்டால் பிறகு மறக்கமாட்டாள். அடுத்ததும் தங்காது. எங்கடை ஆக்கள் காட்டுறேல்லை. பேசாமல் கையெழுத்தை வைச்சு அவையிட்டைக் குடுத்துவிடு."

அன்ரியின் தலையில் பழியைப் போட்டுவிட எனக்கு ஆசைதான். ஆனால் அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. பயந்துபோய் நின்றேன். அந்தப் பயத்துக்கு அன்ரி வழக்கம் என்று ஒரு மரியாதையான பெயர் வைத்துத் தந்துவிட்டார். திரும்பி வந்து நேர்ஸிடம் வேண்டாம் என்றேன். நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டார். வேண்டாம் என்று மறுபடியும் சொன்னேன். அடக்கத்தை ஆஸ்பத்திரி மூலமாகவே செய்வதற்கான கடதாசிகளைக் கொண்டுவந்தார். ஒன்றையும் வாசிக்காமல், அவர் விரல் வைத்த இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். பிள்ளை பக்கத்து அறையில் இருந்தது. கதவு அரைவாசி திறந்து கிடந்தது. நான் உள்ளே போகவில்லை. அந்தப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

அவள் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "பிள்ளை எங்கை?" என்று கேட்டாள். "கொண்டுபோயிட்டினம்," என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவளுக்குப் பால் சுரந்தது. ஒரு துவாயைக் கிழித்து நெஞ்சை இறுக்கிக் கட்டிக்கொண்டு குசினியில் நின்றாள். நான் பார்த்தும் பார்க்காதவன்போல வெளியே போய்ப் பனி வழித்தேன்.

செத்த வீடென்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. எட்டாம் நாள் படையல் இருக்கும், முப்பத்தோராம் நாள் கிரியை இருக்கும், சமைத்துக் கொண்டு வருவார்கள், கட்டிப் பிடித்து அழுவார்கள். இப்படிப் பிறக்கிற பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. வந்த இரண்டொருவரும் "வயசு கிடக்குத்தானே, இன்னொண்டு வரும்" என்று சொல்லித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பனி கொட்டப்போகுதாம் என்று எழும்பிப் போனார்கள். ஒரு சிநேகிதன் எங்களை றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கூட்டிப் போவதற்குக் கார் கொண்டு வந்தான். அவள் கட்டிலில் இருந்து எழும்பவேயில்லை. அவன் காரில் அரைமணித்தியாலம் காத்திருந்துவிட்டுத் தனியே போனான்.

அவள் அழவில்லை, கோபிக்கவில்லை, கதைக்கவும் இல்லை. சமைத்தாள், உடுப்புத் தோய்த்தாள், நான் வேலைக்குப் போக முன்னம் சாப்பாட்டைப் பெட்டியில் போட்டு மேசையில் வைத்தாள். கேட்ட கேள்விக்கு ஓம், இல்லை, வேண்டாம் என்று மூன்றே மூன்று சொல்லால் பதில் சொன்னாள். அவள் முன்னர் அப்படிப்பட்டவள் இல்லை. கல்யாணம் கட்டிய புதிதில், கொஞ்சம் வாயை மூடும் தாயே என்று நான் கும்பிட்டிருக்கிறேன். இப்போது அந்த வாய் ஒரு சண்டைக்காவது திறக்காதா என்று ஏங்கினேன். பங்குனி போனது. சித்திரை போனது. இவள் இப்படியே இருந்துவிடுவாளோ, எனக்கு இனி இவள் இல்லையோ என்று மெய்யாகவே பயம் பிடித்தது.

வைகாசியில் ஒரு காலை. குசினி யன்னலில் நின்று கோப்பை கழுவிக்கொண்டிருந்தவள் சட்டென்று தண்ணீரை நிறுத்தினாள்.

"இஞ்சருங்கோ," என்றாள். "உது என்ன குருவி?"

மூன்று மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி. நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். பக்கத்து வீட்டு வளவில், வேலிக்கு அப்பால், ஒரு சிவப்புப் போத்தல் தொங்கியது. அதன் முன்னால் ஒரு குருவி அந்தரத்தில் நின்றது. செட்டை அடிப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. ஊசி மாதிரிச் சொண்டைப் போத்தலுக்குள் விட்டது, எடுத்தது, பின்பக்கமாகவே பறந்து, ஒரு நொடியில் காணாமல் போனது. ஊரில் பார்த்த தேன்சிட்டாக்கும் என்று நினைத்தேன். ஆனால் தேன்சிட்டு எங்காவது குந்தித்தான் குடிக்கும். இது குந்தவேயில்லை.

"பொறும், கேட்டுக்கொண்டு வாறன்," என்று வேலியடிக்குப் போனேன்.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தனியே இருந்தார். ஐம்பது வயது இருக்கும். பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். அதுவரை எங்களுக்குள் தலையாட்டலோடு சரி. ஹம்மிங்பேர்ட் என்று சொன்னார். குளிர் தொடங்க முன்னம் மெக்சிக்கோப் பக்கம் போய்விடுமாம். வசந்தத்தில் திரும்பி வருமாம். இவ்வளவு சின்னதாக இருந்துகொண்டு கடலையும் தாண்டுமாம். நான் திரும்பி வந்து ஒன்றுக்கு இரண்டாகக் கூட்டிச் சொன்னேன். அவள் யன்னலை விட்டு அசையவில்லை.

"திரும்பி வருமோ?" என்றாள்.

"வரும். இனி எங்கடை வளவுக்கே வரப்பண்ணுறன். இருந்து பாரும்."

சொன்னேன் அல்லவா, முன்னுக்குப் பாய்கிற புத்தி என்று. அன்றைக்கே பஸ் எடுத்துப் போய் ஒரு போத்தல் வாங்கினேன். அடியில் சிவப்புப் பிளாஸ்டிக் பூக்கள் வைத்த போத்தல். சீனித்தண்ணியைக் காய்ச்சி ஊற்றவேண்டும் என்று அதில் படம் போட்டிருந்தது. எவ்வளவு சீனி என்று வாசிக்க எனக்குப் பொறுமை இல்லை. வீட்டுக்கு வருகிற ஆளுக்குச் சீனி குறைத்துத் தேத்தண்ணி கொடுத்தால் மரியாதையா? பாணிப் பதத்தில் காய்ச்சினேன். பார்வைக்குச் சிவப்பாக இருக்கட்டும் என்று கேசரிப் பவுடரும் ஒரு சிட்டிகை போட்டேன். வாசத்துக்கு ஏலக்காயும் போட்டிருப்பேன், முடிந்துபோயிருந்தது.

குருவி வரவில்லை. எறும்பு வந்தது. எறும்புக்குப் பிறகு குளவி வந்தது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். நாலு பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு வெள்ளைச் சீனி, நிறம் கூடாது, தேன் கூடவே கூடாது, தேன் புளித்தால் குருவியின் நாக்கில் பூஞ்சணம் பிடித்துச் செத்துவிடும், வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருக்கால் போத்தலைக் கழுவவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். போத்தல் தொங்குகிற கம்பியில் தண்ணீர்க் கிண்ணம் ஒன்றைக் கோர்த்துவிட்டால் எறும்பு இறங்காது என்பதும் அவர் சொன்னதுதான். நான் வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். மனைவி குசினியில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"கேசரியோ போட்டனீங்கள்?" என்றாள். உதட்டோரம் லேசாக அசைந்தது. அன்றைக்கு வேலையில் தட்டு அடுக்கும்போது அந்த உதட்டையே நினைத்துக்கொண்டு நின்று, இரண்டு வண்டியில் கோழிக்குப் பதிலாக மரக்கறியை ஏற்றிவிட்டேன்.

பிறகு தோட்டம் செய்ய இறங்கினேன். முந்திய வருடம் அவள் மிளகாயும் கத்தரியும் போட்டிருந்த பாத்தி களை பிடித்துக் கிடந்தது. அதைக் கொத்திச் சிவப்பு சல்வியாப் பூச்செடி நட்டேன். சிவப்பாய்ப் பூக்கிற அவரை ஒன்றை வேலியில் படரவிட்டேன். ஃபூக்சியா என்று மணி மணியாகத் தொங்குகிற பூச்செடி ஒன்றைக் கூடையோடு வாங்கி யன்னலுக்கு நேரே மாட்டினேன். அவள் ஒவ்வொரு காலையும் யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தாள். குருவி வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வந்தது, குடித்தது, போனது. எங்கள் பக்கம் ஒருக்காலும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனி மாதம் முழுக்க அப்படியே போனது. அவள் யன்னலில் இருக்கும் நேரம் குறைந்துகொண்டு வந்ததை நான் கவனித்தேன். இன்னும் ஒரு கிழமை போனால் அந்தக் கதிரையையும் விட்டுவிடுவாள் என்று எனக்குப் பட்டது. சாமியைக்கூட அப்படி நான் கூப்பிட்டதில்லை, அந்தக் குருவியை அப்படிக் கூப்பிட்டேன்.

சிவப்பாக எதையாவது கட்டித் தொங்கவிடு, தூரத்திலிருந்தே கண்டு இறங்கிப் பார்க்கும், ஒருக்கால் கண்டுபிடித்தால் பிறகு விடாது என்றார் பக்கத்து வீட்டுக்காரி.

அன்றைக்கு மனைவி தோய்க்கிற உடுப்புகளை வண்டியில் போட்டுக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த லோண்ட்றிக்குப் போயிருந்தாள். நான் சிவப்புத் துணி தேடி அலுமாரியைக் கிளறினேன். கிடைக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே இருந்த அவளுடைய சூட்கேஸைத் திறந்தேன். கல்யாணக் கூறைச்சீலை மேலே இருந்தது. அதைத் தொடுகிற அளவுக்கு நான் மடையன் இல்லை. அதற்கும் கீழே, அடியோடு அடியாக, ஒரு பழைய நூல்சீலை மடித்துக் கிடந்தது. தோய்த்துத் தோய்த்துப் பஞ்சாகிப்போன சீலை. இரண்டு இடத்தில் தைத்த தையல்கூட இருந்தது. சிவப்பு மட்டும் விடாமல் நின்றது. இவள் ஏன் இந்தக் கந்தலைக் கனடா மட்டும் காவிக்கொண்டு வந்தாள் என்று நினைத்தேன்.

கத்தரிக்கோல்கூடத் தேவைப்படவில்லை. கையால் இழுக்கவே கீலம் கீலமாகக் கிழிந்தது. இருபது இருபத்தைந்து கீலம் வந்திருக்கும். வேலியில் கட்டினேன், கொடியில் கட்டினேன், அவரைப் பந்தலில் கட்டினேன், போத்தல் தொங்கிய கம்பியிலும் ஒன்று கட்டினேன். வளவு முழுக்கச் சிவப்பு ஆடியது. உள்ளே வந்து யன்னலில் நின்றேன்.

அரைமணித்தியாலம்கூட ஆகவில்லை, குருவி வந்தது. மேலே இருந்து நேரே இறங்கி, கொடியில் ஆடிய ஒரு கீலத்துக்கு முன்னால் நின்றது. சொண்டால் துணியைக் குத்திப் பார்த்தது. அதில் ஒன்றும் இல்லை. அடுத்த கீலத்துக்குப் போனது. அதையும் குத்திப் பார்த்தது. இப்படியே ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு வந்து, கடைசியில் போத்தலைக் கண்டுபிடித்து, சொண்டை விட்டுக் குடிக்கத் தொடங்கியது. நான் குசினிக்குள் சின்னப்பிள்ளை மாதிரித் துள்ளினேன்.

முன்கதவு திறந்த சத்தம் கேட்டது. ஓடிப்போய் அவள் கையிலிருந்த வண்டியைப் பிடுங்கி ஒரு பக்கம் விட்டுவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

"சத்தம் போடாதையும். இஞ்சை பாரும், வந்திட்டுது! எங்கடை வளவுக்கை!"

பார்த்தாள். குருவி போத்தலடியில் நின்றது. அவள் முகம் மெல்ல மலர்ந்ததை நான் என் கண்ணால் கண்டேன். மாசிக்குப் பிறகு முதல் தரம். பிறகு அவளுடைய கண் குருவியை விட்டு, கம்பியில் ஆடிய துணிக்குப் போனது. அங்கிருந்து கொடிக்கு. அங்கிருந்து வேலிக்கு.

"உது என்ன சீலை?" என்றாள்.

"உம்மடை சூட்கேஸுக்கை கிடந்த பழஞ்சீலை. கந்தல் எண்டு..."

அவள் பின்கதவைத் திறந்துகொண்டு போனாள். குருவி பறந்துவிட்டது. கொடியில் கட்டியிருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினாள். நான் இறுக்கிக் கட்டியிருந்தேன், அவளுக்கு நகம் நொந்திருக்கும். பக்கத்தில் போய் ஒன்றை அவிழ்க்கக் கை வைத்தேன்.

"தொடாதேங்கோ," என்றாள்.

எல்லாவற்றையும் அவிழ்த்து, மடியில் அள்ளிக்கொண்டு வந்து குசினி மேசையில் வைத்தாள். பிறகுதான் எனக்குச் சொன்னாள். அது அவளுடைய தாயின் சீலை. அவளுக்கும் அவளுடைய நாலு சகோதரங்களுக்கும் அந்தச் சீலையில்தான் ஏணை கட்டித் தாலாட்டினது. ஏணைக்குப் புதுத் துணி ஆகாது, பச்சைப் பிள்ளையின் தோலை உரஞ்சும், பழகிய சீலைதான் வேண்டும். மகளுக்கு வயிற்றில் பிள்ளை என்று அறிந்ததும் தாய் அதைக் கொழும்பு வழியாகக் கனடாவுக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். பார்சல் வந்த நேரம் நான் வேலையில். பிள்ளை கிடைக்க முன்னம் பிள்ளைக்கு ஆயத்தப்படுத்துவது கூடாது என்பார்களே, அதற்குப் பயந்து எனக்கும் சொல்லாமல் கூறைக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறாள். தாய் இப்போது சண்டையில் இடம்பெயர்ந்து வன்னியில் எங்கோ ஒரு கொட்டிலில். இன்னொன்று கேட்டு எழுதவும் முகவரி இல்லை.

"எனக்குத் தெரியாதப்பா," என்றேன். "ஆணை எனக்குத் தெரியாது."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

நான் மேசைக்கு இந்தப் பக்கம் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

"அண்டைக்கும் கேக்கேல்லை," என்றாள். "என்ரை பிள்ளையை எனக்குக் காட்டுறதோ விடுறதோ எண்டு எல்லாரிட்டையும் கேட்டனீங்கள். ஸ்காபரோவிலை இருக்கிற மனிசியிட்டைக் கேட்டனீங்கள். என்னட்டைக் கேக்கேல்லை."

சண்டைக்காவது வாய் திறக்காதா என்று ஏங்கியவன் நான். திறந்தபோது எங்காவது ஓடி ஒளிக்க வேண்டும் போல இருந்தது. அவள் சத்தம் போடவில்லை. கீலங்களை ஒவ்வொன்றாக மேசையில் நீட்டி, கையால் சுருக்கு எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"பிள்ளை ஆரை மாதிரி இருந்தது?"

பொய் சொல்ல ஒரு கணம் போதும். உம்மை மாதிரித்தான் என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள். ஆனால் அந்தத் துணிகளுக்கு முன்னால் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"நான் பாக்கேல்லை," என்றேன்.

அவள் கை நின்றது.

"நீங்களும் பாக்கேல்லையோ?"

"இல்லை."

"நீங்களாவது பாத்திருப்பியள் எண்டு இருந்தன்," என்றாள். "நான் காணாட்டிலும் நீங்கள் கண்டிருக்கிறியள், சொன்னால் நான் அழுவன் எண்டு சொல்லாமல் இருக்கிறியள் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். எனக்குத் தென்பு வந்தாப்பிறகு ஒருநாள் கேப்பம் எண்டு இருந்தன். அப்ப ஆர்தான் பாத்தது? எங்கடை பிள்ளையை எங்களிலை ஒருத்தரும் பாக்கேல்லையோ?"

அப்போதுதான் அவள் அழுதாள். ஐந்து மாதத்து அழுகை. நானும் அழுதேன். ஆனால் அவளைத் தொடத் துணிவு வரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானுமாக அழுதோம். அன்றைக்கு நான் வேலைக்கு அரைமணித்தியாலம் பிந்திப் போனேன்.

துணியை அவிழ்த்த பிறகும் குருவி விடவில்லை. இடம் தெரிந்துவிட்டதே, காலையில் ஆறேழு தரம் வந்தது. ஒன்றுக்கு இரண்டாக வந்து போத்தலுக்குச் சண்டை பிடித்தன. ஆடி முழுக்க எங்கள் வளவில் அந்தச் செட்டை இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. மனைவி யன்னலை விட்டு வெளியே வந்து, போத்தலுக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கத் தொடங்கினாள். சீனித்தண்ணி காய்ச்சுவது, போத்தல் கழுவுவது எல்லாம் அவள் கைக்குப் போனது. நான் கேட்டுத்தான் எதையும் தொட்டேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு அப்போது பள்ளி விடுமுறை. இரண்டு பேரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்து கதைப்பார்கள். என்ன கதைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னோடு அவள் அவ்வளவு கதைக்கவில்லை. கோபமில்லை என்றுதான் சொன்னாள். களைப்பாக இருக்கிறது என்றாள்.

ஆவணி முடிகிற நேரம் ஒரு காலை, சீலை உடுத்துக் கைப்பையோடு வந்து நின்றாள்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போட்டு வாறன்."

"ஏன்? என்ன செய்யுது?"

"எனக்கு ஒண்டும் செய்யேல்லை. பிள்ளையைப் படம் எடுத்து வைச்சிருப்பினமாம். தாய் தேப்பன் வேண்டாம் எண்டாலும் ஒரு படம் எடுத்து ஃபைலுக்கை வைக்கிறவையாம். பக்கத்து வீட்டு அவ சொன்னவ. டெலிபோன் எடுத்துக் கேட்டன். இருக்காம்."

வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட கடதாசிகளில் எதிலோ அதுவும் இருந்திருக்கும்.

"நானும் வரட்டோ?" என்றேன்.

யோசித்தாள். "வேண்டாம். அவ காரிலை கூட்டிக்கொண்டு போறா. நீங்கள் வீட்டிலை நில்லுங்கோ."

நான் வேலைக்கு டெலிபோன் அடித்துச் சுகமில்லை என்று சொன்னேன். மத்தியானம் திரும்பும்வரை குசினிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். கார்க் கதவு அடித்த சத்தம் கேட்டது. அவள் கையில் ஒரு மண்ணிற என்வலப். என்னைத் தாண்டிப் பின்வளவுக்குப் போய், கதிரையில் இருந்து அதைத் திறந்தாள். நான் பின்கதவடியில் நின்றேன். அவள் தலை குனிந்திருந்தது. அவள் அழுகிறாளா என்று பார்த்தேன். அழவில்லை.

"வாங்கோ," என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

போனேன். கதிரைக்குப் பக்கத்தில் புல்லில் குந்தினேன். என்னை அறியாமலே அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் குந்தியிருக்கிறேன். வேலியில் அவரை முற்றிக் காய்ந்திருந்தது.

"பாருங்கோ."

திரும்ப வேண்டும் என்றுதான் நினைத்தேன். கழுத்து திரும்பவில்லை. அந்த அரைவாசி திறந்த கதவுக்கு முன்னால் நின்றேனே, அதே ஆள்தான் இன்னும். அவள் ஆறு மாதம் சுமந்த ஏக்கத்தை என் கையில் தருகிறாள், என்னால் வாங்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

"என்னாலை ஏலாதப்பா," என்றேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். எழும்பிப் போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிப் போயிருந்தால் நியாயம்தான். தலைக்கு மேலே போத்தலடியில் குருவி இரைந்துகொண்டு நின்றது.

"சரி," என்றாள் கடைசியில். "நீங்கள் அங்காலை பாத்துக்கொண்டிருங்கோ. நான் சொல்லுறன்."

சொல்லத் தொடங்கினாள்.

"தலை நிறைய மயிர். ஈரமாய் ஒட்டிக் கிடக்குது. வெள்ளைத் துணி சுத்தியிருக்கு. கண் மூடியிருக்கு. புருவம் மெல்லிசாய்த்தான் கிடக்குது, வளர வந்திருக்கும். மூக்கு உங்கடை. சப்பைதான். வாய் கொஞ்சம் திறந்து கிடக்குது. பசிச்ச பிள்ளை மாதிரி."

நான் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"ஒரு கை வெளியிலை. விரலை மடிச்சு வைச்சிருக்கு. நகம் வளந்திட்டுது. வெட்டோணும், இல்லாட்டி முகத்தைப் பிறாண்டிப்போடும்."

அதைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். என்ன சொன்னோம் என்று அவளுக்கே அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். அவள் மூச்சு ஏறி இறங்குவது எனக்கு முதுகுக்குப் பின்னால் கேட்டது. அத்தோடு விட்டுவிடுவாளோ, இவ்வளவுதானோ என்று எனக்குப் பயம் வந்தது. முகத்தை எடுக்காமலே கேட்டேன்.

"காது தெரியுதோ?"

படத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்திருப்பாள் போல.

"ஒண்டு தெரியுது," என்றாள். "மற்றது துணிக்குள்ளை."